கண் இல்லாத நோட்டு

“துடிப்பும் மலர்ந்த முகமும் ஒருங்கே அமைந்தவர், நவீனத் தொழில்நுட்பத்தை விரல்நுனியில் வைத்திருப்பவர், அரசுக்கோ பெற்றோருக்கோ தமக்கோ யாதொரு செலவுமின்றி, சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கற்பித்தல் கருவிகளை உருவாக்கி, சிறப்பு வகுப்பு மாணவர்களிடையே பணம் கையாளும் திறனை வளர்த்த புதுமை ஆசிரியர்” என்று கல்வித்துறையின் பாராட்டுப் பத்திரம் சொல்கிறது. பள்ளி அலுவலகத்தில், தீயணைப்புக் கருவிக்கும் மின்சாரப் பெட்டிக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்குகிறது. நின்று படிப்பவர் யாரும் இல்லாததால் அதில் உள்ள பொய்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

பத்திரத்துக்கு உரியவரை நேரில் பார்த்தவர்கள், இது வேறு யாருக்கோ எழுதியது, அவசரத்தில் இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். டீச்சருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுபெற இன்னும் பதினெட்டு மாதம். துடிப்பு என்று சொல்லத்தக்கது நாடியைத் தவிர வேறெங்கும் கிடையாது. மலர்ந்த முகமும் அப்படித்தான். சிரிக்கவேண்டிய இடம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிள்ளைகள் அதையே சிரிப்பாக எடுத்துக்கொள்வார்கள். நவீனத் தொழில்நுட்பம் என்றால் ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைப் புட்டி, ஓரம் நசுங்கிய ஒரு பஞ்சிங் மிஷின். கைபேசியில் பேசும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்திருப்பவர்போல, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

ஊரில் அவருக்குச் சில்லறை டீச்சர் என்று பெயர். முப்பத்தொரு வருடமாக அதே பள்ளி, பின்கட்டில் அதே கடைசி அறை. படிப்பு ஏறாது என்று மற்ற வகுப்புகள் கைகழுவிய பன்னிரண்டு பேர், பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள், அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம்: கடைக்குப் போய் ஏமாறாமல் திரும்பி வருவது. படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது வருகிறது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

துறை கொடுத்த பணப் பாடப் பெட்டி ஒன்றும் அந்த அறையில் இருந்தது. வழவழவென்று, நிஜ நோட்டில் பாதி அளவில் நோட்டுகள். அட்டைப் படத்தில் ஒரு சிறுமி ஒரே ஒரு ஆப்பிள் வாங்குகிறாள். தொப்பி போட்ட கடைக்காரர் பல் தெரியச் சிரிக்கிறார். ஒற்றை ஆப்பிளை எவன் விற்கிறான், சிரிக்கிற கடைக்காரனை எங்கே பார்த்தீர்கள் என்று டீச்சர் பயிற்சி முகாமில் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவரை முகாமுக்கு அழைப்பதில்லை. அவரும் வருத்தப்படவில்லை.

அவர் தயாரித்தவை வேறு மாதிரி. சோப்பு உறை, தீப்பெட்டி, ஷாம்பூ பாக்கெட், ரொட்டி உறை, நூல்கண்டு என்று அந்தத் தெருவில் விற்கும் சாமான்களின் மேலுறைகளைச் சேர்த்து, உள்ளே காகிதம் அடைத்து வைத்திருப்பார். விலை அச்சடித்த இடம் சிலவற்றில் அழிந்திருக்கும். அழிந்ததையும் படிக்கத் தெரிய வேண்டும். விலைப் பலகையை அவர் எழுதமாட்டார். மூலைக்கடைக்காரரிடம் கொடுத்து அவர் கையால் எழுதி வாங்குவார். கடைக்காரரின் ஏழு ஒன்றைப்போல இருக்கும், நான்கு நாற்காலியைப்போல இருக்கும். புத்தகத்தில் உள்ள ஏழைக் கற்றுக்கொண்டவன் அந்தக் கடையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். சில்லறை இல்லை என்று மிட்டாயைத் தள்ளிவிடும் வழக்கத்துக்கும் ஒரு பாடம் இருந்தது. பன்னிரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு ஒரே குரலில், “மிட்டாய் வேண்டாம், சில்லறை குடுங்க” என்று சொல்லிப் பழகுவார்கள். டீச்சர் தன் வியாபாரத்தில் மண்ணை அள்ளிப் போடுகிறார் என்று மூலைக்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லிக்கொண்டே பலகையும் எழுதிக்கொடுத்தார்.

பாடத்துக்காக நிஜ நோட்டுகளை நகலெடுத்ததும் அவர் கடையின் பின்னால் இருந்த மிஷினில்தான். முதல் தடவை மனிதர் நடுங்கிப்போனார். “டீச்சர், அப்படியே அச்சா அடிச்சா என்னைத்தான் உள்ள தூக்கிப் போடுவாங்க. நீங்க பெரிய மனுஷி, உங்களுக்கு நாற்காலி போட்டு விசாரிப்பாங்க.” அளவு மாறக் கூடாது, நிறம் மாறக் கூடாது என்று டீச்சர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: அடித்த கையோடு ஒவ்வொரு நோட்டிலும் பஞ்சிங் மிஷினால் ஓட்டை போட்டுவிட வேண்டும். அந்த மிஷின் ஒரு தடவைக்கு இரண்டு ஓட்டை போடும். பிள்ளைகள் அதற்குக் கண் என்று பெயர் வைத்தார்கள். வகுப்பில் புழங்கிய எல்லா நோட்டுக்கும் இரண்டிரண்டு கண் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முப்பத்தொரு வருடம் பணப் பாடம் நடத்திய சில்லறை டீச்சர், அத்தனை வருடமும் தன் பணத்தைத் தொட்டதில்லை. அவர் சம்பளம் வங்கிக்குப் போகும்; வங்கிக்கு அவருடைய வீட்டுக்காரர் போவார். அவர் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் எது எப்போது தீரும், எந்தக் கடையில் எது மலிவு என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தினமும் காலையில் பஸ்ஸுக்குச் சரியான சில்லறையைக் குளிர்பெட்டியின் மேல் வைப்பார். டீச்சர் எடுத்துக்கொண்டு போவார். அடிமைத்தனம் என்று சொல்ல ஆசைப்படுபவர்கள் சொல்லிக்கொள்ளலாம். மகளும் கல்லூரியில் படித்த காலத்தில் சொல்லிப் பார்த்தாள். “பகல் பூரா அதைத்தானடி எண்ணிட்டு வர்றேன், வீட்லயும் எண்ணணுமா” என்று கேட்டுவிட்டு டீச்சர் படுத்துத் தூங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சில்லறையோடு ஒரு துணிப்பையும் இருக்கும். அலுவலகத்தில் வரி கட்ட வருகிறவர்களிடம் வாரம் முழுக்க மாற்றிச் சேர்த்த நிஜ நாணயங்கள், அழுக்கு நோட்டுகள். அன்றைக்குப் பிள்ளைகள் மூலைக்கடையில் நிஜமாகவே வாங்குவார்கள். வகுப்பில் நிஜப் பணம் புழங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு; அதனால் வெள்ளிக்கிழமைகளில் தலைமையாசிரியைக்குப் பின்கட்டுப் பக்கம் வர நேரம் இருக்காது. மாலையில் மிச்சம் பையோடு வீட்டுக்குத் திரும்பும். வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு உன் பிள்ளைங்க பதினெட்டை முழுங்கிட்டாங்க” என்பார். கற்பித்தல் கருவிகளின் பட்டியல் ஒன்றை டீச்சர் வைத்திருந்தார், நாற்பத்தாறு இனம். அந்தப் பை பட்டியலில் இல்லை. அதை அவர் கருவியாக நினைத்ததில்லை. நினைத்ததே இல்லை என்று சொல்வது இன்னும் சரி.

பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுக்காரர் அலுவலகத்தில் ஒரு கோப்பைக் கையில் வைத்தபடியே இறந்துபோனார். எதிரே நின்றவர் கையெழுத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாராம்.

ஆறாம் நாள் டீச்சர் பள்ளிக்கு வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லாரும் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தார்கள். ஒருவர் கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தார். டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வகுப்புக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட தாடையைப்போல இருந்தது அவருக்கு எல்லாமே. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை. டீ வந்தது, ஆறியது, எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் குளியலறையில் இரண்டு பல்துலக்கி இருந்தன. ஒன்றை எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை, வைத்திருக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மகள் மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து, சாமான் வாங்கி அடுக்கி, பஸ்ஸுக்கு வேண்டிய சில்லறையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்துவிட்டுப் போனாள். “கார்டு போட்டா மிஷின்லயே பணம் வரும்மா, உன் மாப்பிள்ளை வந்து சொல்லித்தர்றேன்னாரு” என்றாள். சரி என்றார் டீச்சர். அந்த மாதங்களில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். சம்பளம் வங்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தது.

அந்த வருடம் வகுப்பில் பத்துப் பேர் புதிது. டீச்சர் வழக்கம்போல வெட்டினார், ஒட்டினார், ஓட்டை போட்டார். பிள்ளைகள் கண் வைத்த நோட்டுகளை மின்னல் வேகத்தில் எண்ணக் கற்றுக்கொண்டார்கள். எட்டு மாதம் இப்படிப் போனது.

எட்டாவது மாதம் துறையிலிருந்து கடிதம் வந்தது. மதிப்பீட்டு அலுவலர் ஒருவர் வருவார். ஒவ்வொரு மாணவரும் உண்மையான கடையில் உண்மையான பணத்தைக் கொடுத்து, சொன்ன பொருளை வாங்கி, சரியான மீதியோடு மூன்று நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். பன்னிரண்டில் எட்டுப் பேராவது தேறாவிட்டால் வகுப்பு மறுசீரமைக்கப்படும். மறுசீரமைப்பு என்றால் மூடுவது. பிள்ளைகள் வீட்டுக்கு, டீச்சர் ஓய்வு வரையில் அலுவலகத்தில் ஒரு மூலைக்கு. தலைமையாசிரியை இதை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். சரி என்றார் டீச்சர்.

“என்ன சரி? முப்பத்தொரு வருஷம் டீச்சர் இது. கொஞ்சம் கோபமாவது படுங்களேன், எனக்காக” என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் முயன்று பார்த்தார். வரவில்லை.

அடுத்த நாள் வகுப்பு வாசலில் தையல்காரம்மா நின்றாள். மேடம் என்று வகுப்பே கூப்பிடும் பெண்ணின் தாய். பதினாறு வயது மேடம் புதிதாகச் சேர்ந்தவள். கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள், யார் எது சொன்னாலும் பெரிய அதிகாரியைப்போல “பாக்கலாம்” என்பாள். தாய்க்கு ஆடைத் தொழிற்சாலையில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை வேலை. இந்த வகுப்பில் இடம் கிடைக்கும்வரை, மகளை வீட்டுக்குள் வைத்து வெளியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போய்வந்தாள்.

“மூடிட்டா நான் மறுபடி பூட்டு வாங்கணும் டீச்சர்” என்றாள். “பழசைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

டீச்சர் தலையை ஆட்டினார். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அன்று மதியமே பன்னிரண்டு பேரையும் மூலைக்கடைக்கு நடத்திக்கொண்டு போனார். முதல் ஆள் மேடம். டீச்சர் பிஸ்கட் டப்பாவிலிருந்து கொண்டுவந்த ஓர் இருபது ரூபாய் நோட்டை அவளிடம் நீட்டி, ஒரு சோப்பு வாங்கச் சொன்னார். மேடம் நோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“இது வேண்டாம் டீச்சர். இதுக்குக் கண்ணு இல்ல.”

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்லாவை இழுத்து, அன்றைய வசூலை அள்ளி அவள் முன் வைத்து, இதையெல்லாம் பார், எதற்காவது கண் இருக்கிறதா என்று கேட்டார். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் படர்ந்தது.

“மாமா, உங்களை யாரோ நல்லா ஏமாத்திருக்காங்க.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. புதிய பிள்ளைகள் பத்துப் பேரும் வரிசையாக வந்து, வரிசையாக நோட்டை மறுத்தார்கள். ஒருவன் மரியாதையாக, ஒருத்தி கோபமாக. பழைய பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி, சோப்பும் மீதியுமாகத் திரும்பினார்கள். எட்டுக்கு இரண்டு. டீச்சர் எல்லாரையும் வரிசை கலையாமல் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் ஓர் உறை. மேடம் முந்தின நாள் பஞ்சிங் மிஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். தாயின் ஒரு வாரக் கூலியை எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, கண் வைத்திருக்கிறாள்.

“ஒண்ணு விடல டீச்சர். அவ்வளவும் நேரா, ஒரே அளவா, அழகாப் போட்டிருக்கா.”

“திட்டினீங்களா?”

“எப்படித் திட்டுறது? ‘கவலைப்படாதம்மா, இனிமே இது செல்லும்’ங்கறா.”

சொல்லிவிட்டு அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். டீச்சர் உறையை வாங்கிக்கொண்டார். தன்னால் நேர்ந்தது, தானே மாற்றித் தருகிறேன் என்றார். எப்படி மாற்றுவது என்று அவருக்குத் தெரியாது.

அப்போது காலண்டர் குறுக்கே வந்தான். பழைய பிள்ளைகள் இருவரில் ஒருவன். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்வதால் அந்தப் பெயர். கேட்காவிட்டாலும் சொல்வான்.

“வெள்ளிக்கிழமை காசுக்குக் கண்ணு இருக்காது டீச்சர். இவங்க அதைப் பாத்ததே இல்ல. முப்பத்திநாலு வெள்ளிக்கிழமை ஆச்சு, வரவே இல்ல.”

டீச்சர் அவனைப் பார்த்தார். “ஏன்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“சார் செத்துட்டாருன்னு சொன்னீங்க. காசும் செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.”

டீச்சர் கையில் இருந்த உறையை மேசைமேல் வைத்தார். பிறகு எடுத்தார். மறுபடி வைத்தார். தையல்காரம்மா அவர் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். மணி அடித்தது. டீச்சர் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். அன்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போனார். சேமிப்புப் புத்தகம் வீட்டுக்காரரின் மேசை இழுப்பறையில் இருந்தது. முதலில் கடன் வாங்குகிறவர்கள் வரிசையில் இருபது நிமிடம் நின்றார். சரியான இடத்துக்கு வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் மகள் வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.

“ஒரு மாசச் சம்பளம்.”

“அது எவ்வளவும்மா?”

டீச்சருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் புத்தகத்தை வாங்கி, இயந்திரத்தில் கொடுத்து அச்சடித்து, தொகையைப் படித்துச் சொன்னாள். பெரிய நோட்டாகத் தரட்டுமா என்றாள்.

“எல்லாம் சின்ன நோட்டா வேணும். அழுக்கா இருந்தா நல்லது.”

“அழுக்காவா?”

“கிழிஞ்சு ஒட்டினது இருந்தா அதுவும் குடுங்க.”

“கடை வச்சிருக்கீங்களாம்மா?”

“வகுப்பு வச்சிருக்கேன்.”

புத்தம் புது நோட்டு கேட்டுச் சண்டை போடுகிறவர்களையே பார்த்து அலுத்த பெண் அவள். எழுந்து உள்ளே போய், ஒதுக்கி வைத்திருந்த கட்டுகளை மகிழ்ச்சியோடு எடுத்துவந்தாள். தையல்காரம்மாவின் நோட்டுகள் மேலாளரிடம் போயின. அவர் ஒன்றை விளக்கில் பிடித்து, இரண்டு ஓட்டை வழியாகவும் டீச்சரைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். மாணவி என்றார் டீச்சர். “கை சுத்தமான வேலை” என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

கட்டுகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தன. எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண். வாங்கிய இடத்திலேயே நின்று எண்ணு, எண்ணாமல் நகராதே என்று முப்பத்தொரு வருடம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தவர், அத்தனையையும் அப்படியே பைக்குள் தள்ளினார். “பிள்ளைங்க எண்ணட்டும்” என்றார்.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை எதிர்ப்பட்டார். பையைப் பார்த்தார். அதன் கனத்தையும் பார்த்தார்.

“என்னன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சா நான் எழுத வேண்டி வரும். வெள்ளிக்கிழமை மட்டும்தானே?”

“தினமும். மூணு வாரம்.”

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். அடுத்த மூன்று வாரமும் அவருக்குக் கால்வலி. பின்கட்டு வரை நடக்க முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார்.

வகுப்பில் டீச்சர் எந்த விளக்கமும் சொல்லவில்லை. சொல்லும் தெம்பு இல்லை என்பதும் ஒரு காரணம். கண் வைத்த நோட்டுகளைக் கயிற்றால் கட்டி அலமாரியின் மேல் போட்டார். பையை மேசையில் கவிழ்த்தார். பன்னிரண்டு பேரும் கிட்டே வரத் தயங்கினார்கள். பிறகு ஒருவன் ஒன்றை எடுத்து முகர்ந்தான். இன்னொருவன் காதில் வைத்துப் பார்த்தான். ஒருத்தி நான்கு நாள் வரை கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டாள். அழுக்காக இருக்கிறதே என்று ஒருவன் பத்து நோட்டுகளைக் குழாயடியில் கழுவி மதில்மேல் காயவைத்தான்; காற்று அவற்றை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், அடுத்த தடவை கல் வைக்கச் சொன்னார்.

கடைசிவரை மசியாமல் இருந்தவள் மேடம். ஆறாம் நாள் கண் இல்லாத ஒரு நோட்டைக் கொடுத்து மூலைக்கடையில் ஒரு சீப்பு வாங்கினாள். வாங்கிவிட்டு, போலீஸ் வரும் என்று கடை வாசலிலேயே நின்றாள். வரவில்லை. மறுநாள் பென்சில் வாங்கினாள், அப்போதும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து வகுப்புக்கு அறிவித்தாள். “எல்லாருமே ஏமாந்திருக்காங்க டீச்சர். ஏமாந்தவங்க கடையில ஏமாந்த காசு செல்லும்.” பொருளாதாரம் படித்தவர்கள் இந்த இடத்துக்கு வந்துசேர இன்னும் அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாலைகளில் டீச்சர் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியின் மேல் வைத்தார். எண்ணிப் பார்த்து எத்தனை போனது என்று சொல்ல ஆள் இல்லை. காலையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

மதிப்பீட்டு அலுவலர் ஒரு திங்கட்கிழமை வந்தார். படிவக் கட்டும் கைபேசியில் நிறுத்துக்கடிகாரமுமாக, மூலைக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். சிரிக்கவும் முயன்றார், பிள்ளைகள் பயந்துபோனார்கள், நிறுத்திக்கொண்டார். ஒருவர்பின் ஒருவராக வாங்கினார்கள், எண்ணினார்கள், திரும்பினார்கள். ஒருவன் மீதியை அலுவலரிடம் கொடுத்து “நீங்களே வச்சுக்குங்க சார்” என்றான். அது தோல்வி என்று எழுதப்பட்டது. ஒருத்திக்குக் காய்ச்சல், வரவில்லை, அதுவும் தோல்வி.

கடைசியில் மேடம். சோப்பு பதினான்கு, கொடுத்தது இருபது. பதற்றத்தில் கடைக்காரர் கை பழக்கதோஷத்துக்குப் போய்விட்டது: ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும், மிட்டாய் ஒன்றும் வைத்தார். மேடம் மிட்டாயைத் திருப்பித் தள்ளினாள். கல்லாவில் ஒரு ரூபாய் நாணயம் இல்லை. பிறகு தருகிறேன் பாப்பா என்று கடைக்காரர் கெஞ்சினார். அவள் கையை நீட்டினாள். நீட்டிய கையோடு நின்றாள். மூன்று நிமிடம் போனது. ஐந்து போனது. தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பதினோராவது நிமிடம் தீப்பெட்டி வாங்க வந்த ஒருவரிடம் ஒரு நாணயம் இருந்தது. மேடம் அதை வாங்கி, இரண்டு தடவை எண்ணி, ஆறையும் அலுவலர் முன் வைத்தாள். நேரம் கடந்தது, தேறவில்லை என்று அவர் எழுதினார்.

“சார், தப்பு என்னோடது” என்றார் கடைக்காரர்.

“இருக்கலாம். படிவத்துல உங்களுக்குக் கட்டம் இல்ல.”

ஆக, வாங்கவேண்டியதைக் கடைசிக் காசு வரைக்கும் நின்று வாங்கியவள் தேறாதவர் பட்டியலில் சேர்ந்தாள். மற்ற ஒன்பது பேர் தேறினார்கள். எட்டு போதும். வகுப்பு மூடப்படவில்லை. தேறாதவர்கள் கூடுதலாக ஒரு வருடம் படிக்கலாம் என்று விதி இருப்பதைத் தலைமையாசிரியை தையல்காரம்மாவுக்குச் சொன்னார். “அப்ப பெயிலானதே நல்லதாப் போச்சு” என்றாள் அவள், முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்து. டீச்சர் பக்கத்தில் நின்றார். தனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தார். கால் வலித்தது. அது நிஜம்தான்.

பாராட்டுப் பத்திரத்துக்கு விவரம் கேட்டு ஒரு படிவம் வந்தது. துடிப்பு, மலர்ந்த முகம் எல்லாம் முன்பே அச்சாகி இருந்தன. கருவிகளுக்கு ஆன செலவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் டீச்சர் அதைக் காலியாக விட்டார். காலி என்பதைத் துறை சுழியம் என்று படித்தது.

நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்காரர் இறந்த ஒன்பதாவது மாதம், டீச்சர் முதல் தடவையாக வங்கிக்குப் போய், தன் ஒரு மாதச் சம்பளத்தைச் சின்ன நோட்டாக வாங்கி, பன்னிரண்டு பிள்ளைகள் கையில் மூன்று வாரம் கொடுத்துவைத்தார். பிறகு திரும்ப வாங்கி, வகுப்பு மேசையில் உட்கார்ந்து தானே எண்ணினார். அறுநூற்று இருபது ரூபாய் குறைந்திருந்தது.